இடமறிந்து இயங்கும் மருந்துகள்

கந்தசஷ்டிக்கு ஒரு கிழமைக்கு முன்பே, நீரிழிவு உள்ளவர்கள் வாழும் வீடுகள் சிலவற்றில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடுவது வழக்கம். ஐந்து நாளும் ஒரு நேரப் பாலும் பழமும் என்றிருந்து, ஆறாம் நாள் உபவாசம் காத்து, ஏழாம் நாட் காலையில் பாறணை செய்வதே முறை என்று வீட்டுப் பெரியவர் நிற்பார். இன்சுலின் ஏற்றுகிறவர் பட்டினி கிடக்கலாமா என்று பிள்ளைகள் நிற்பார்கள். இருபகுதியார் பேச்சிலும் நியாயம் உண்டு. தொல்லைக்குக் காரணம் வேறோர் இடத்தில் இருக்கிறது. உடலுக்குள் ஏற்றப்பட்ட இன்சுலினுக்கு அன்று சஷ்டியா, அன்னதானமா என்பது தெரியாது. இருபது அலகு ஏற்றினால் இருபது அலகின் வேலையையும் அது செய்து முடிக்கும். இரத்தத்தில் குளுக்கோசு நிறைய இருந்தாலும் குறைக்கும். ஏற்கனவே குறைந்திருந்தாலும் மேலும் குறைக்கும். வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம், பின்னர் மயக்கம் என்று வருகிற ஆபத்தின் வேர் இதுவே.

சுகதேகியின் சதையியில் இப்படி நேர்வதில்லை. அங்குள்ள பீற்றாக் கலங்கள் இரத்தத்தின் குளுக்கோசை இடைவிடாது அளந்தபடியே, தேவையான அளவு இன்சுலினை விடுகின்றன. உணவு வந்தால் கூட்டுகின்றன, வராவிட்டால் அடக்கிக்கொள்கின்றன. சதையி செய்யும் இந்த வேலையை மருந்தே செய்யுமா? பாத்திரமறிந்து பிச்சையிடு என்று பெரியோர் சொன்னது போல, இடமும் தேவையும் அறிந்து தன் வேலையைத் தொடங்கவும் நிறுத்தவும் தெரிந்த மருந்து ஒன்றைச் செய்ய முடியுமா? கடந்த ஐம்பது ஆண்டுகளாக இரசாயன அறிஞரும் வைத்தியரும் இந்தக் கேள்வியின் பின்னால் அலைகின்றனர். அந்த முயற்சியில் பெரியதோர் அத்தியாயம், புரொண்பியிலிருந்து மோட்டார் வண்டியில் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பாக்ஸ்வேர்ட் என்ற ஊரில் எழுதப்பட்டு வருகிறது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

உணர்ச்சியுள்ள பல்பகுதியங்கள்

சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் மாலை போலக் கோக்கப்பட்டு உண்டாகும் பெரிய மூலக்கூறுக்குப் பல்பகுதியம் என்று பெயர். நைலோன், பொலித்தீன் என்பன மனிதன் செய்தவை. அரிசியின் மாப்பொருள், பருத்தியின் செலுலோசு, நம் தசையின் புரதம் ஆகியன இயற்கை செய்தவை. இவற்றுட் சில, சூழலில் ஏற்படும் சிறு மாற்றத்துக்குப் பெரிய மாற்றத்தால் பதில் சொல்கின்றன. வெப்பம் ஓரிரு பாகை ஏறினால், அமிலத்தன்மை சற்றுக் குறைந்தால், அல்லது குளுக்கோசு போன்ற ஒரு பொருள் வந்து தொட்டால், அவை சுருங்கும், வீங்கும், கரையும், அல்லது உறையும். தொட்டாற்சுருங்கியின் இலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு அதிகம் இராது. ஆங்கிலத்தில் இவற்றைக் கெட்டிக்காரப் பல்பகுதியங்கள் என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். கெட்டித்தனம் என்று சொல்வது சற்று அதிகம்தான். அவை சிந்திப்பதில்லை, அவற்றின் அமைப்பே அவ்வாறு நடக்கச் செய்கிறது.

இந்த வகைப் பொருள் ஏற்கனவே நமது வீட்டு மருந்துப் பெட்டிக்குள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வயிற்று எரிவுக்குக் கொடுக்கப்படும் பன்ரோபிரசோல் என்ற குளிசையை எடுத்துக்கொள்வோம். அந்த மருந்து அமிலத்தில் அழிந்துவிடும் இயல்பினது. இரைப்பையிலோ கடும் அமிலம். ஆகவே குளிசையின் மேல் ஒரு மெல்லிய பூச்சுப் பூசுகிறார்கள். யேர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்து றேம் கம்பனி 1950களில் யூட்ராகிட் என்ற பெயரில் இத்தகைய பூச்சுக்களைக் கொண்டுவந்தது. இந்தப் பல்பகுதியத்தின் சங்கிலி நெடுகிலும் அமிலக் கூட்டங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. இரைப்பையில் அவை மின்னேற்றமின்றி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் பூச்சுக் கரையாது. சிறுகுடலுக்குள் போனதும் அமிலம் தணிகிறது. அக்கூட்டங்கள் மறையேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. சங்கிலி விரிந்து நீரிற் கரைகிறது. மருந்து வெளியே வருகிறது. பெருங்குடல் அழற்சிக்குக் கொடுக்கும் மெசலசீன் குளிசைகள் சிலவற்றில் இன்னும் பிடிவாதமான பூச்சு உண்டு. அது குடலின் கடைப்பகுதியை அண்மிக்கும் வரை திறவாது.

இவ்விடத்தில் ஒரு நடைமுறை விடயம். குளிசை விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு அதைச் சிறு உரலில் இடித்துத் தேனிற் குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். நாட்டு மருந்துக்கு அது பொருந்தும். பூச்சுள்ள குளிசைக்கு அது பொருந்தாது. இடித்த மறுகணமே பூச்சின் பயன் போய்விடுகிறது. மருந்து இரைப்பையில் அழிந்து, நோயாளிக்குக் குணம் இல்லாமற் போகும். மெதுவாக விடும் குளிசையாயின் நிலைமை இன்னும் மோசம். நாள் முழுவதற்கும் உரிய மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் ஏறிவிடும். டெனிஷ் மருந்துப் பெட்டியில் ‘என்டரோதப்லெட்டர்’ என்றோ ‘டெப்போதப்லெட்டர்’ என்றோ அச்சிட்டிருந்தால், மருந்துச்சாலையில் கேளாமல் இடிக்கவோ மெல்லவோ கூடாது. விழுங்க முடியாதவர்களுக்கு வேறு வடிவில் அதே மருந்து கிடைப்பதுண்டு. கேட்டால் வைத்தியர் மாற்றி எழுதுவார்.

சூட்டில் உறையும் பொருள்

டென்மார்க்கில் மாரி காலத்தில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் திறந்தவர் எல்லோருக்கும் தெரியும்: குளிரில் அது கட்டியாகிவிடும், சுடுநீரில் வைத்தால் உருகும். பொலி-ஐசோபுரொப்பைல்-அக்கிரிலமைட்டு என்ற நீண்ட பெயருள்ள பல்பகுதியம் இதற்கு நேர் எதிரானது. குளிர்ந்த நீரில் அது நன்றாகக் கரைந்திருக்கும். சுமார் 32 பாகை செல்சியசைத் தாண்டியதும் நீரைக் கைவிட்டுச் சுருண்டு திரண்டுவிடும். 1968 இல் ஹெஸ்கின்ஸ், கில்லே என்ற இருவர் இதை விபரித்தார்கள். பத்து ஆண்டுகளின் பின், 1978 இல், அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பணியாற்றிய தொயோயிச்சி தனக்கா என்ற ஜப்பானிய பௌதிகவியலாளர், சிலவகைக் கூழ்கள் சூழலின் சிறு மாற்றத்தால் திடீரெனப் பன்மடங்கு சுருங்கிவிடுவதை எடுத்துக்காட்டினார். துறை வளர்ந்தது அதன் பின்னர்தான்.

32 பாகை என்ற எண் வைத்தியருக்கு ஏன் முக்கியம்? மனித உடல் 37 பாகை. ஆய்வுகூட அறை 20 பாகை. இரண்டுக்கும் இடையில் அந்த எல்லை விழுகிறது. தோக்கியோவில் தெருவோ ஒக்கானோவும் அவருடைய சகாக்களும் இதை மிக எளிமையாகப் பயன்படுத்தினார்கள். கலங்களை வளர்க்கும் தட்டின் அடியில் இப்பல்பகுதியத்தை மெல்லிய படலமாக ஒட்டினார்கள். 37 பாகையில் கலங்கள் அதன்மேல் ஒட்டி வளர்ந்து ஒரு விரிப்புப் போலாகும். தட்டை 20 பாகைக்குக் குளிரவைத்தால் படலம் நீரை உறிஞ்சி வீங்கும். கலவிரிப்பு முழுசாகக் கழன்று வரும். முன்பெல்லாம் நொதியம் ஊற்றிப் பிரிக்கும்போது கலங்கள் துண்டு துண்டாகிச் சேதமுற்றன. தோசையைக் கல்லிலிருந்து கிழியாமல் எடுப்பதற்கும் சுரண்டி எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. 2004 இல் ஜப்பானிய வைத்தியர்கள், இரு கண்ணின் கருவிழி மேற்பரப்பும் கெட்டுப்போன நால்வருக்கு, அவரவர் வாயின் உட்தோலிலிருந்து எடுத்த கலங்களை இவ்வாறு விரிப்பாக வளர்த்துக் கண்ணில் வைத்துப் பார்வையை மேம்படுத்தியதாக அறிவித்தார்கள். அந்த விரிப்புக்குத் தையல் கூடத் தேவைப்படவில்லை.

தமிழ்நாடும் இதில் பங்கு கொண்டது. குளிரில் திரவமாகவும் சூட்டில் கூழாகவும் மாறும் மெபியோல் என்ற ஜப்பானியக் கூழை, சென்னை சங்கர நேத்திராலயாவின் ஆய்வாளர்கள் கருவிழி ஓரத்துக் கலங்களை வளர்க்கப் பயன்படுத்தி, அவற்றை முயல்களுக்கு மாற்றிப் பொருத்திய விபரத்தை 2009 இல் வெளியிட்டனர். 2014 இல் வெளியான இன்னோர் ஆய்வு நம் நாடுகளுக்கு இன்னும் பொருத்தமானது. இறந்தவரின் கண்ணிலிருந்து எடுக்கும் திசுவை, பனிக்கட்டி இல்லாமல், இந்தியாவின் வெப்பத்தினூடாக ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அங்கே அதன் கலங்களைத் தொடர்ந்து வளர்க்க முடியும் என்று அது காட்டியது. குளிர்சாதனம் எந்நேரமும் கிடைக்காத சிற்றூர் வைத்தியசாலைகளிலிருந்து கண்தானத் திசு நகரத்துக்கு வந்து சேர்வதில் உள்ள கஷ்டம் தெரிந்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

டென்மார்க்கின் இன்சுலின்

கண்ணை விட்டு மீண்டும் நீரிழிவுக்கு வருவோம். 1921 இல் கனடாவின் ரொரொன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் அது முதன்முறையாக ஒரு நோயாளிச் சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் கொப்பன்ஹேகன் பேராசிரியர் ஓகஸ்ட் குறோ அமெரிக்காவுக்கு விரிவுரையாற்றச் சென்றிருந்தார். 1920 இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். உடன் சென்ற அவருடைய மனைவி மாரி குறோ ஒரு வைத்தியர். அத்துடன் நீரிழிவு நோயாளியும் ஆவார். இப்புதிய மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்ட அம்மையார் சும்மா இருக்கவில்லை. கணவரை ரொரொன்ரோவுக்குப் போகும்படி தூண்டினார். குறோ அங்கு சென்று ஸ்கண்டிநேவியாவில் இன்சுலின் செய்வதற்கு அனுமதியுடன் திரும்பினார். மாரியின் வைத்தியரான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹாகடோர்னும் குறோவும் வேலையைத் தொடங்கினார்கள்; மருந்துக் கம்பனி உரிமையாளரான ஓகஸ்ட் கொங்ஸ்டெட் பணம் கொடுத்தார். 1923 இல் டெனிஷ் நோயாளிகளுக்கு இன்சுலின் கிடைத்துவிட்டது. நோர்டிஸ்க் இன்சுலின் ஆய்வுகூடம் பிறந்த கதை இது. அங்கே வேலை செய்த ஹரால்ட், தோர்வால் பீடர்சன் என்ற சகோதரர்கள் ஹாகடோர்னுடன் பிணங்கி வெளியேறி நோவோவைத் தொடங்கினார்கள். இரு கம்பனிகளும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் போட்டியிட்டு 1989 இல் ஒன்றாகின.

அக்கால இன்சுலினின் குறை, சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடுவது. நாளுக்குப் பல ஊசி, நடுச்சாமத்திலும் ஊசி. ஹாகடோர்ன் இதற்கு ஒரு வழி கண்டார். திரவுட் என்ற நன்னீர் மீனின் விந்திலிருந்து எடுக்கப்படும் புரோட்டமின் என்ற சிறு புரதம் நேரேற்றம் மிகுந்தது. உடலின் நடுநிலைச் சூழலில் இன்சுலின் மறையேற்றம் உடையது. இரண்டும் சேர்ந்தால் எளிதிற் கரையாத துகள்களாகித் தோலின் கீழ்த் தங்கி மெல்ல மெல்லக் கரையும். இதை அவரும் சகாக்களும் 1936 இல் வெளியிட்டார்கள். பின்னர், 1946 இல், இதன் திருந்திய பளிங்கு வடிவம் உருவானது. ஹாகடோர்னின் பெயரைத் தாங்கிய அந்த வெண்மையான கலங்கல் இன்சுலின் இன்றும் உலகெங்கும் பாவனையில் உள்ளது. ஏற்றுவதற்கு முன் பேனாவை உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டியும் தலைகீழாகச் சாய்த்தும் ஒரே சீராக வெண்மையாகும் வரை கலக்க வேண்டும். கலக்காமல் ஏற்றினால் ஒரு நாள் கூடவும் மறுநாள் குறையவும் மருந்து போகும். சீனி ஏறி இறங்குவதற்கு உணவின் மேல் பழி போடுகிறவர்களில் சிலர் உண்மையில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

சைவ உணவு உண்போர் வழக்கமாக எழுப்பும் ஒரு கேள்விக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம். முற்காலத்து இன்சுலின் மாட்டினதும் பன்றியினதும் சதையியிலிருந்தே எடுக்கப்பட்டது. டென்மார்க்கில் இத்தொழில் செழித்ததற்கு இங்குள்ள பன்றி இறைச்சித் தொழிலும் ஒரு காரணம். 1982 இல் நோவோ, பன்றி இன்சுலினை மனித இன்சுலினாக மாற்றி விற்பனைக்கு விட்டது. 1987 முதல் அதை மதுவத்தின் (பாண் செய்யும் ஈஸ்ட்) உதவியால் ஆக்கத் தொடங்கியது. இன்று டென்மார்க்கில் கொடுக்கப்படும் இன்சுலின் விலங்கின் சதையியிலிருந்து வருவதல்ல. கலங்கல் இன்சுலினில் உள்ள புரோட்டமின் மட்டும் மீனைச் சேர்ந்தது. அது மனத்துக்கு ஒவ்வாதவர்கள் வைத்தியரிடம் சொல்லித் தெளிந்த நீள்செயல் இன்சுலினுக்கு மாறலாம். தாமாக ஊசியை நிறுத்துவது சரியல்ல.

அந்தத் தெளிந்த இன்சுலின்கள்தான் நமது பேச்சுக்கு உரியவை. 2000 ஆம் ஆண்டில் அங்கீகாரம் பெற்ற கிளார்ஜின், யேர்மனியின் பிராங்க்பேர்ட்டில் ஆக்கப்பட்டது. இன்சுலின் மூலக்கூறில் மூன்று சிறு மாற்றங்கள் செய்து, பீ.எச். 4 என்ற அமிலத்தில் கரைந்திருக்கும்படியும், உடலின் 7.4 இல் கரையாமற் படியும்படியும் அமைத்தார்கள். ஊசிக்குள் தெளிந்த நீர். தோலின் கீழ் நுண்ணிய படிவு. ஏற்றும்போது சிலருக்குச் சற்று எரிவு தோன்றுவது அந்த அமிலத்தினால்.

பாக்ஸ்வேர்ட்டின் பதில் 2013 இல் ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற டெக்லுடெக். இதன் சூழ்ச்சி இன்னும் நயமானது. பேனாவுக்குள் ஆறு ஆறாகச் சேர்ந்த இன்சுலின் கூட்டங்கள் இரண்டிரண்டாகப் பிணைந்து நிற்கின்றன. அவற்றை அப்படி வைத்திருப்பது கரைசலில் உள்ள பீனோல். தோலின் கீழ் சென்றதும் பீனோல் பரவிப் போய்விடுகிறது. உடனே அந்தக் கூட்டங்கள் முனையோடு முனை கோத்து நீண்ட சங்கிலிகளாகின்றன. அதாவது பல்பகுதியம் போன்றதொரு சங்கிலி உடலுக்குள்ளேயே உருவாகிறது. பின் அச்சங்கிலியின் நுனிகளிலிருந்து நாகம் என்ற உலோகம் மெல்லக் கழன்று போக, இன்சுலின் ஒவ்வொன்றாக விடுபட்டு இரத்தத்திற் சேர்கிறது. செயல் 42 மணி நேரம் வரை நீள்கிறது. நாளுக்கு ஒரு ஊசி போதும். இரவுத் தாழ்சீனியும் குறைவு.

ஆனாலும் இவை உணர்வது தோலின் கீழுள்ள அமிலத்தையும் பீனோலையும்தான். நோயாளி உண்டாரா, இல்லையா என்பதை உணர்வதில்லை. சஷ்டி நாளில் இவையும் குருடே.

குளுக்கோசை அறியும் இன்சுலின்

அந்தக் குருட்டைப் போக்கும் முதல் யோசனை 1979 இல் வந்தது. நியூயோர்க்கின் பிரவுன்லீ, செராமி என்ற இரு ஆய்வாளர்கள், வாளவரை இனத்து அவரை விதையிலிருந்து கிடைக்கும் கொன்கனாவலின் என்ற புரதத்தை எடுத்தார்கள். அது சீனியைப் பிடித்துவைக்கும் குணமுள்ளது. இன்சுலினோடு ஒரு சீனி மூலக்கூறை இணைத்து அதை அப்புரதத்தில் மாட்டினார்கள். சுற்றிலும் குளுக்கோசு பெருகினால், அது இன்சுலினின் சீனியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இன்சுலின் விடுபடும். பேருந்தில் ஓர் இருக்கைக்கு இருவர் போட்டியிடுவது போன்ற நியாயம்தான். யோசனை அழகானது. ஆனால் அந்த அவரைப் புரதம் உடலுக்கு நஞ்சு. ஆகவே அது மருந்தாகவில்லை.

பின்னர் பல்பகுதியக்காரர் வந்தார்கள். போரோன் அடங்கிய ஒருவகை அமிலக் கூட்டம் குளுக்கோசைப் பற்றிக்கொள்ளும். அதைக் கூழொன்றின் சங்கிலியில் தொங்கவிட்டால், குளுக்கோசு ஏறும்போது கூழ் வீங்கி உள்ளே இருக்கும் இன்சுலினை விடும். இறங்கும்போது மேற்பரப்பு இறுகிக் கதவடைக்கும். 1998 இல் ஜப்பானில் கத்தவோக்காவும் சகாக்களும் இதைச் செய்துகாட்டினர். அதே வழியில், 2020 இல் அமெரிக்காவில் சென் கு என்பவரின் குழு, நாணயமளவான ஒட்டுத்துண்டு ஒன்றைச் செய்தது. அதன் அடியில் மயிரிழை போன்ற நுண்ணூசிகள். அவை இன்சுலின் நிறைந்த இத்தகைய பல்பகுதியத்தால் ஆனவை. நீரிழிவுள்ள சிறுவகைப் பன்றிகளில் ஒரு துண்டு 20 மணி நேரத்துக்கு மேல் சீனியைக் கட்டுப்படுத்தியது.

இடையில் ஏமாற்றமும் உண்டு. அமெரிக்காவின் மேர்க் கம்பனி 2010 இல் ஸ்மார்ட்செல்ஸ் என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, எம்.கே. 2640 என்ற இன்சுலினை மனிதரிலேயே பரீட்சித்தது. விலங்குகளிற் கண்ட பயன் மனிதரில் போதிய அளவு தெரியவில்லை. இந்தத் துறையில் செய்தித்தாள் தலைப்புக்களைப் பார்த்துக் களிப்படையும் முன் நினைவில் வைக்க வேண்டிய உதாரணம் அது.

2018 இல் நோவோ நோர்டிஸ்க், இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த சைலோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அங்கு பேராசிரியர் அந்தோனி டேவிஸ் பல ஆண்டு உழைத்து, குளுக்கோசை மட்டும் தேர்ந்து பிடிக்கும் ஒரு செயற்கைக் கூட்டைச் செய்திருந்தார். இரத்தம் முழுவதும் நீர். குளுக்கோசின் வெளிப்புறமோ நீரைப் போலவே தோன்றும். நீருக்குள் அதை இனங்கண்டு பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை இரசாயனம் படித்தவர் அறிவர். பாக்ஸ்வேர்ட்டின் ஆய்வாளர்கள் அந்தக் கூட்டை இன்சுலின் மூலக்கூறின் ஒரு முனையிலும், குளுக்கோசை ஒத்த ஒரு சீனியை மறு பக்கத்திலும் பொருத்தினார்கள். இரத்தத்தில் குளுக்கோசு குறைவாக இருந்தால், கூடு தன்னுடன் இணைந்த சீனியையே பிடித்துக்கொள்ளும். மூலக்கூறு மடங்கி மூடிவிடும். இன்சுலினின் வேலை அடங்கும். குளுக்கோசு பெருகினால் அது கூட்டுக்குள் புகுந்து அந்தச் சீனியை வெளியேற்றும், மூலக்கூறு திறக்கும், வேலை தொடங்கும். அவரை விதையில் தொடங்கிய அதே இருக்கைப் போட்டி, இம்முறை ஒரே மூலக்கூறுக்குள் நடக்கிறது. பூட்டும் திறப்பும் ஒன்றாகவே உள்ளன.

என்.என்.சி. 2215 என்று எண்ணிடப்பட்ட இந்த இன்சுலினைப் பற்றிய கட்டுரை 2024 ஒக்டோபரில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியானது. குளுக்கோசு லீற்றருக்கு 3 மில்லிமோலிலிருந்து 20 இற்கு ஏறும்போது, இன்சுலின் தன் ஏற்பியைப் பற்றும் வலு 3.2 மடங்கு கூடியது. (நம் நாட்டு அளவிற் சொன்னால் 54 மில்லிகிராமிலிருந்து 360, டெனிஷ் எண்ணை 18 ஆற் பெருக்கினால் நாட்டு எண் வரும்.) எலிகளிலும் பன்றிகளிலும் செய்த பரீட்சைகளில், சீனி அளவுக்கு மிஞ்சி இறங்காமல் அது காத்தது. 3.2 மடங்கு என்பது போதுமா? சுகதேகியின் சதையி இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் வீச்சு இதைவிட மிகப் பெரியது. ஆயினும் ஆபத்தான பக்கம் தாழ்சீனிப் பக்கமே. அங்கே பாதியளவு தணிந்தாலும் எத்தனையோ மயக்கங்கள் தவிரும். இம்மருந்து மனிதரில் எத்தனை நாள் வேலை செய்யும், அந்தக் கூடு உடலில் நெடுங்காலம் இருந்தால் என்ன நேரும், விலை என்னவாகும் என்பனவற்றை விலங்குப் பரீட்சைகள் சொல்லா. எம்.கே. 2640 இன் கதை எல்லோர் மனத்திலும் இருக்கிறது.

ஆகவே இவ்வருட விரதத்துக்குப் பழைய குருட்டு இன்சுலினோடுதான் போக வேண்டும். நினைவில் வைக்க வேண்டியவை சில. விரதம் இருக்க எண்ணுகிறவர் இரண்டு கிழமைக்கு முன்னரே தம் வைத்தியரையோ நீரிழிவுத் தாதியையோ கண்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஏற்ற அளவை எழுதி வாங்க வேண்டும். “ஒரு நேரம் மட்டும் உண்பேன்” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். டெனிஷ் வைத்தியர் விரதம் என்றால் சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரையிலான நோன்பையே எண்ணக்கூடும். சாப்பாட்டுக்குரிய குறுஞ்செயல் இன்சுலினைச் சாப்பாடு இல்லாதபோது ஏற்றக்கூடாது. அதே வேளை, முதலாம் வகை நீரிழிவு உள்ளவர் உண்ணாவிட்டாலும் நீள்செயல் இன்சுலினை முற்றாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் இரத்தம் அமிலமாகி உயிராபத்து நேரலாம். டப்பாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் போன்ற குளிசை எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால், சீனி அதிகம் ஏறாமலே இதே அமில ஆபத்து வரலாம். விரத நாட்களில் அவற்றை நிறுத்துவதா என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். இன்சுலின் இல்லாமல், சதையியைத் தூண்டும் கிளிமெப்பிறைட்டு போன்ற குளிசை மட்டும் எடுப்பவர்களுக்கும் தாழ்சீனி வரும் என்பதை வீட்டார் அறிந்திருத்தல் நல்லது.

சீனி 4 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குளுக்கோசு வில்லையோ சீனி கரைத்த நீரோ பழரசமோ உடனே எடுக்க வேண்டும். சொக்கிலேற்றில் உள்ள கொழுப்பு சீனியைத் தாமதிக்கச் செய்வதால் அது உதவாது. கால் மணி நேரத்தின் பின் மீண்டும் அளக்க வேண்டும். இருதய நோய்க்கு பீற்றாத் தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமற் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். சூரசங்காரம் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக நின்ற ஒருவர் குளிர்ந்து வியர்த்துப் பேச்சுக் குழறினால், அதைக் களைப்பென்றோ அருள் வந்ததென்றோ விட்டுவிடாமல் முதலில் விரலிற் குத்திச் சீனியைப் பார்க்க வேண்டும். மயங்கிவிட்டவரின் வாயில் பாலோ தேனோ ஊற்றலாகாது. சரித்துப் படுக்கவைத்து, குளுக்ககன் ஊசி வீட்டில் இருந்தால் ஏற்றி, 112 இற்கு அழைக்க வேண்டும்.